ஒரு கையெழுத்து, நாலு முத்திரை: கோலா சிலாங்கூர் பாட்டியின் பத்திரம் துறையூர் போய்ச் சேருவது எப்படி?

நீங்க புக்கிட் ரோத்தானில் இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டியின் கைப்பேசிக்குத் துறையூரிலிருந்து ஒரு கோப்பு வருகிறது. ஏழு பக்கம். அனுப்பியவர் பாட்டியின் தம்பி மகன். "அத்தை, இதுல கையெழுத்துப் போட்டு, அங்க நோட்டரி முத்திரை வாங்கி, சீக்கிரம் அனுப்புங்க" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வருகிறது. வீட்டில் எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூணும் படிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கதானே.

இது கற்பனைக் குடும்பம். ஆனால் ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்ற நிலை வந்தபோது, பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அப்பா கப்பல் ஏறினார். கல்யாணமான மகள் இங்கேயே இருந்துவிட்டாள். அண்ணன் போனார், நீல அடையாள அட்டை கிடைத்த தம்பி தங்கிவிட்டார். ஐம்பது வருஷம் கழித்து அங்கே நிலத்தைப் பிரிக்கும்போதுதான், இங்கே இருப்பவர்களின் கையெழுத்து தேவைப்படுகிறது.

உங்களுக்கும் இது நாளைக்கு வரும். துபாயில் வேலை, வெளிநாட்டுப் படிப்பு, தமிழ்நாட்டுப் பெண்ணோடு கல்யாணம் என்று எதுவானாலும், மலேசியத் தாள் ஒன்று எல்லை தாண்டிப் போய் "நான் உண்மையானவன்" என்று சொல்லியாக வேண்டும். அதை யார் நம்புவார்கள், எதை வைத்து நம்புவார்கள் என்பதுதான் விஷயம்.

முத்திரை எதைச் சொல்லுது, எதைச் சொல்லலை?

பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஒரு பத்திரத்தில் நாலு முத்திரை இருந்தால், அதில் எழுதியிருப்பது நாலு முறை சரிபார்க்கப்பட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முன்னால் உள்ள கையெழுத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

பாட்டி கையெழுத்துப் போடுகிறார். "இந்த அடையாள அட்டைக்காரர் என் முன்னால்தான் கையெழுத்திட்டார்" என்கிறார் நோட்டரி. "இது எங்கள் நாட்டில் நியமிக்கப்பட்ட நோட்டரியின் கையெழுத்துதான்" என்கிறது வெளியுறவு அமைச்சு, அதாவது விஸ்மா புத்ரா. "இது விஸ்மா புத்ரா அதிகாரியின் கையெழுத்துதான்" என்கிறது போகவேண்டிய நாட்டின் தூதரகம். சங்கிலி இவ்வளவுதான். பத்திரத்தின் உள்ளே இருப்பது நியாயமா, பாட்டிக்கு நல்லதா, அவர் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை இந்த வரிசையில் யாருமே கேட்கவில்லை, கவனிச்சீங்களா? அது அவர்கள் வேலையும் இல்லை.

அதனால் சங்கிலியின் பலம் முதல் கண்ணியில் இருக்கிறது. தோட்டக் குடும்பங்களுக்குச் சிக்கல் வருவதும் அங்கேதான். புத்ராஜெயாவில் வரிசையில் நிற்பது சிரமம் என்று எல்லாரும் புலம்புவோம். ஆனால் காரியம் உண்மையில் கெட்டுப்போவது அதற்கு ரொம்ப முன்னாடி, ஏதோ ஒரு தோட்டத்து அலுவலகத்தில் ஏதோ ஒரு கிராணி பேரை எழுதிக்கொண்ட நாளில்.

நோட்டரி வேற, சத்தியப்பிரமாண ஆணையர் வேற

நம்ம ஊரில் எந்த நீதிமன்றத்துக்குப் பக்கத்திலும் 'பெசுருஜாயா சும்பா' பலகை தொங்கும். சத்தியப்பிரமாண ஆணையர் என்பது அவர்தான். 1964-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் கீழ் நாட்டின் தலைமை நீதிபதி அவரை நியமிக்கிறார். சத்தியப் பிரமாணம் வாங்குவதும், 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியான 'சூராட் அக்குவான் பெர்கானூன்' என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தன் முன் செய்யவைப்பதும் அவர் வேலை. உள்நாட்டுத் தேவைக்கு இது நன்றாகவே போதும்.

நோட்டரி பப்ளிக் வேறு ஆள். 1959-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் கீழ், அனுபவமுள்ள வழக்கறிஞர்களிலிருந்து சட்டத்துறைத் தலைவர் நியமிக்கிறார். வெளிநாட்டுக்குப் போகும் பத்திரத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது இவருடைய முத்திரை. எல்லா வழக்கறிஞரும் நோட்டரி கிடையாது. எல்லா டவுனிலும் நோட்டரி உட்கார்ந்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கு. கிளாங்குக்கோ கோலாலம்பூருக்கோ வண்டி எடுக்கும் முன் அதைப் பார்த்துடுங்க.

இன்னொன்று: பள்ளித் தலைமையாசிரியரோ அரசாங்க அதிகாரியோ நகலின் மேல் 'அசலைப் போன்றதே' என்று முத்திரை குத்திக் கையெழுத்திடுவார் இல்லையா, அது பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே செல்லும். அந்த அதிகாரியின் கையெழுத்து மாதிரி வெளிநாட்டுத் தூதரகத்திடம் இருக்காது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும்.

எந்தத் தாள் எங்கே தொடங்கணும்?

உங்க கையில் இருக்கும் தாள் எங்கே பிறந்தது என்று முதலில் பாருங்கள். அரசாங்கத்தில் பிறந்த தாள் ஒரு வகை: பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், இறப்புப் பத்திரம், பட்டம். உங்க கையில் பிறந்த தாள் இன்னொரு வகை: அதிகாரப் பத்திரம், உறுதிமொழி, ஒப்புதல் கடிதம்.

முதல் வகைக்கு, அதை வெளியிட்ட அலுவலகமே முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, திருமணம் என்றால் தேசியப் பதிவிலாகா. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் யுனிசெல் மாதிரியான தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் உயர்கல்வி அமைச்சு. அதற்குப் பிறகுதான் விஸ்மா புத்ரா, அதற்கும் பிறகு தூதரகம். இரண்டாவது வகை நோட்டரியிடம் தொடங்கி அதே வழியில் போகும்.

மொழியும் ஒரு தடை. பிறப்புப் பத்திரம் மலாயில் இருக்கும். வாங்கும் நாடு ஆங்கிலத்தில் கேட்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பட்டாவும் வாரிசுச் சான்றிதழும் தமிழில் இருக்கும். இங்கே உள்ள அலுவலகம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கும். மூணு மொழியும் தெரிந்த நீங்க உட்கார்ந்து மொழிபெயர்த்தா அது செல்லாது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு வேணும். மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகமான ஐ.டி.பி.எம். இதைச் செய்து தருகிறது. பாட்டிக்கு அந்த ஏழு பக்கத்தையும் வரி விடாமல் படித்துக் காட்டுவது மட்டும் உங்க வேலை. அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

அண்டை நாட்டுக்காரருக்கு ஒரு முத்திரை, நமக்கு மட்டும் ஏன் வரிசை?

1961 அக்டோபர் 5-ஆம் தேதி, நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதன் யோசனை எளிமையானது: ஆவணம் பிறந்த நாடு 'அப்போஸ்டில்' என்ற ஒரே ஒரு சான்றை இணைக்கும், மற்ற உறுப்பு நாடுகள் அதை ஏற்றுக்கொள்ளும். தூதரகம் தூதரகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

நம்மைச் சுற்றிப் பாருங்க. புரூணை ரொம்ப வருஷமாக உறுப்பு நாடு. இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2019, சிங்கப்பூர் 2021 செப்டம்பர், இந்தோனேசியா 2022 ஜூன், சவூதி அரேபியா 2022 டிசம்பர், சீனா 2023 நவம்பர், கனடா 2024 ஜனவரி. 2024-ஆம் ஆண்டு முடிந்தபோது மலேசியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் அடிக்கடி வளர்கிறது. ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையப் பக்கத்தில் யாரும் பார்க்கலாம். தாள் அனுப்பும் நாளில் நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இங்கேதான் ஒரு குழப்பம். "இந்தியா உறுப்பு நாடுதானே, அப்போ அப்போஸ்டில் போதுமே?" என்று துறையூர் உறவினர் கேட்பார். போதாது. அனுப்பும் நாடு, வாங்கும் நாடு இரண்டும் உறுப்பினராக இருந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் தாளுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டு மணப்பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் இந்திய வெளியுறவு அமைச்சு அப்போஸ்டில் ஒட்டித் தந்தாலும், மலேசியா உறுப்பினராக இல்லாத வரை அது மட்டும் இங்கே போதாது. இந்திய அமைச்சிடம் வழக்கமான சான்றொப்பம் வாங்கி, அதன்மேல் இந்தியாவில் உள்ள மலேசியத் தூதரகத்தின் சான்றும் பெற வேண்டும். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பெண் விமானம் ஏறிய பிறகு இது தெரியவந்தால், தாள் மட்டும் திரும்ப இந்தியா போகணும்.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் இவ்வளவு பேர் வெளியே போகும் நாடு, இந்த வரிசையை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? அலைச்சல் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவருக்கு அது அரை நாள் வேலை. சபாக் பெர்ணத்திலோ பெஸ்தாரி ஜெயா பக்கத்து மேரி தோட்டத்திலோ இருப்பவருக்கு அப்படியில்லை. கோலா சிலாங்கூருக்கு ரயில் கிடையாது. 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை தூரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் டோலும் வண்டியும் வேண்டும். புத்ராஜெயா சுமார் நூறு கிலோமீட்டர். இந்தியத் தூதரகம் கோலாலம்பூரின் மோன்ட் கியாராவில். பதிவிலாகா, நோட்டரி, விஸ்மா புத்ரா, தூதரகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வைத்தால், நாள் சம்பளக்காரருக்கு நாலு நாள் கூலி போச்சு. கூட வரும் பிள்ளைக்கும் லீவு போச்சு. இந்த இடத்தில்தான் 'நான் முடிச்சுத் தர்றேன்' என்று இடைத்தரகர் வருகிறார், அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு.

உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு ஒரே அலுவலகம்தான் என்று கட்டாயப்படுத்தவில்லை. எத்தனை அதிகாரிகளை வேண்டுமானாலும் நியமிக்கலாம். மின்வடிவ அப்போஸ்டிலுக்கான திட்டமும் 2006-லேயே தொடங்கிவிட்டது. ஆகவே மலேசியா இணைந்தால் ஒரு படி குறைவது மட்டும் லாபமில்லை, மாவட்ட அளவில் ஒரு முகப்பிடம் திறக்கவும் வழி இருக்கிறது. என் கணக்கில், கோலா சிலாங்கூர் மாதிரி ஊருக்கு அதுதான் பெரிய மாற்றமாக இருக்கும். ஆனாலும் அப்போஸ்டிலும் ஒரு முத்திரைதான். முதல் கண்ணி பழுதாக இருந்தால் அதுவும் உதவாது.

ஒரே ஆளுக்கு மூணு பேரு

பாட்டியின் அடையாள அட்டையை எடுங்க. அதில் 'லெச்சுமி' என்று ஒலிக்கும்படி எழுதியிருக்கும். பிறப்புப் பத்திரத்தில் 'லட்சுமி'. கோயில் கல்யாணப் பதிவில் 'லெட்சுமி அம்மாள்'. அவருடைய அப்பா பெரியசாமி. இவர் அட்டையில் 'பெரிசாமி'. துறையூர் பட்டாவில் அவர் 'அ. பெரியசாமி', முன்னால் ஓர் இனிஷியலோடு. நமக்கு எல்லாம் ஒரே ஆள். சார்பதிவாளருக்கு மூணு பெண்கள், இரண்டு தகப்பன்கள்.

இது யாருடைய முட்டாள்தனமும் இல்லை. தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுத அன்றும் விதி இல்லை, இன்றும் இல்லை. முனுசாமிக்கு ஒரு கிராணி ஒரு 'ஓ' போட்டார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போட்டார், மூன்றாமவர் 'யூ' போட்டார். கடைசியில் ஒருவர் 'ஐ', மற்றவர் 'ஒய்'. போதாக்குறைக்கு நம்முடைய 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' வேறு. இந்திய விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்துக்குள் அதை எங்கே திணிப்பது? சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், சிலர் வெறுமனே விடுகிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் இரண்டு விதமாக நிரப்பியிருப்பார்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லாதவர்களும் உண்டு. 2011-இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்று தனி இயக்கம் நடத்தி, ஆவணமில்லாத இந்திய வம்சாவளியினரைப் பதியக் கூப்பிட வேண்டியிருந்தது என்றால் பிரச்சினையின் அளவைப் புரிந்துகொள்ளலாம். சிவப்பு அடையாள அட்டையோடு வயசாகிப்போன தாத்தா பாட்டிகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்? இரண்டு வழி. பிழை பிறப்புப் பதிவிலேயே இருந்தால், அதைத் திருத்த 1957-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விண்ணப்பம் தேசியப் பதிவிலாகாவுக்கு. நேரம் எடுக்கும், பழைய பள்ளிப் பதிவேடு, பெற்றோரின் ஆவணங்கள் என்று ஆதாரமும் கேட்பார்கள். ஆனால் ஒருமுறை திருத்தினால் பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாருக்கும் பயன்படும். இரண்டாவது வழி, 'இந்த மூன்று பெயரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம். பத்திரத்தில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எந்தெந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று எண்ணோடு குறிப்பிட்டு, அதே சங்கிலியில் அனுப்ப வேண்டும். விரைவில் முடியும். ஆனால் அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. அடுத்த காரியத்துக்கு இன்னொரு தடவை போடணும். காலம் இருந்தால் முதல் வழியே மேல் என்பேன்.

உறுதிமொழியில் பொய் சொன்னால் குற்றம். 'எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க' என்று யாராவது ஒரு மாதிரிப் பத்திரத்தை நீட்டினால், அதில் பாட்டிக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்க.

அந்த ஏழு பக்கம் என்ன பத்திரம்?

இப்போ பாட்டிக்கு வந்த கோப்பைத் திறப்போம். தலைப்பை முதலில் படிங்க. 'விடுதலைப் பத்திரம்' என்றால், பாட்டி தன் பங்கையே விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம். 'பொது அதிகாரப் பத்திரம்' என்றால், விற்க, அடமானம் வைக்க, பணம் வாங்க என்று எல்லாவற்றுக்கும் இன்னொருவருக்கு அதிகாரம் தருகிறார். ஒரு குறிப்பிட்ட சர்வே எண், ஒரு குறிப்பிட்ட வேலை என்று வரையறுத்தால் அது தனி அதிகாரப் பத்திரம். மூன்றுக்கும் முத்திரை ஒன்றுதான். விளைவு வேறு.

"பொண்ணுங்களுக்கு எங்க பங்கு" என்று சொல்லி வளர்ந்தவர் பாட்டி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே திருமணமாகாத பெண்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. 2005-இல் இந்திய நாடாளுமன்றம் எல்லா மகள்களுக்கும் தந்தது. மலேசியக் குடியுரிமை வாங்கியதால் தகப்பன் சொத்தில் வாரிசு உரிமை போய்விடாது. தம்பி மகன் அவசரப்படுவதற்குக் காரணம் கெட்ட எண்ணமாகத்தான் இருக்கணும் என்றில்லை; பாட்டியின் கையெழுத்து இல்லாமல் அங்கே பதிவு நடக்காது என்பதாலும் இருக்கலாம். பாட்டி மனசார விட்டுக்கொடுக்கலாம். அது அவர் இஷ்டம். ஆனால் தெரிந்து விட்டுக்கொடுக்கணும்.

இன்னொரு தாளையும் கேட்டு வாங்குங்க: தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ். அதில் பாட்டி பெயர் இருக்கிறதா? 'மலேசியாவில் உள்ள மகள்' விடுபட்டுப்போவது உண்டு. விடுபட்டிருந்தால் கையெழுத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். அதோடு வில்லங்கச் சான்று ஒன்றும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நிலத்தின் மேல் ஏற்கெனவே என்ன பதிவு நடந்திருக்கிறது என்று அதில் தெரியும்.

அதிகாரப் பத்திரம்தான் என்று முடிவானால், பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. இந்தியாவின் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், 33-ஆம் பிரிவு, வெளிநாட்டில் இருப்பவர் தரும் அதிகாரப் பத்திரத்தை நோட்டரி முன் செய்யலாம் என்கிறது. இந்தியத் தூதரக அதிகாரி முன்னாலும் செய்யலாம் என்கிறது. அதாவது பாட்டி நேரே மோன்ட் கியாராவுக்குப் போய், தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டால், அந்த முத்திரை இந்திய அரசின் முத்திரை. நடுவில் உள்ள கண்ணிகள் தேவைப்படாது. முன்பதிவு, கட்டணம், சாட்சிகள், என்னென்ன ஆவணம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. அதிகாரியின் கண் முன்னால் போட்டால்தான் கணக்கு. நோட்டரியிடமும் அப்படித்தான்.

பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டம், 18-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரத்துக்கு இந்தியாவில் முதலில் பெறப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அஞ்சல் உறையையும் தேதியையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்க. இங்கே நாலு நாள் கூலியை விட்டு வாங்கிய முத்திரை, அங்கே பீரோவில் தூங்கி வீணாகிவிடக் கூடாது.

பாட்டி பின்னால் மனசு மாறினால்? அதிகாரப் பத்திரத்தைப் பொதுவாக ரத்து செய்யலாம். ஆனால் அதற்குள் நிலம் விற்றுப்போயிருந்தால் வழக்குதான். விடுதலைப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது அதைவிடக் கஷ்டம். நோட்டரி ஒரு வழக்கறிஞர்தான் என்றாலும், முத்திரைக்காக மட்டும் அவரிடம் போனால் அவர் உங்க வழக்கறிஞர் ஆகிவிட மாட்டார். நிலம் பெரிசாக இருந்தால் தமிழ்நாட்டிலேயே, உறவினர் பார்த்துவைத்தவரை விட்டுவிட்டு, வேறு ஒரு வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

மற்ற தேவைகளுக்குச் சுருக்கமாக

ஓ.சி.ஐ. அட்டை கேட்பவர்களுக்கும் முதல் கண்ணிதான் பிரச்சினை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை என்று இருக்கிறது. மொரீஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை சிறப்புச் சலுகை என்று 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். இந்த வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன, தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்பு எதுவானாலும், கங்காணி அழைத்துவந்த கொள்ளுத்தாத்தா இந்தியாவில் பிறந்தார் என்பதற்குத் தாள் வேண்டும். உதவியோடு தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்கு முன் வந்தவரின் தாள் இன்று வீட்டில் இருப்பது அபூர்வம். தகரப்பெட்டிக்குள் பழைய பாஸ்போர்ட்டோ கப்பல் சீட்டோ கிடந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் பட்டத்தைத் தயார் செய்ய இரண்டு மூன்று மாதம் முன்னாடியே ஆரம்பிக்கணும். இந்தியாவில் கல்யாணம் செய்பவர்களுக்குத் திருமண நிலைச் சான்று தேசியப் பதிவிலாகாவில் தொடங்கும். அங்கே நடந்த கல்யாணத்தை மலேசியாவில் பதிய 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு உண்டு. தேன்நிலவில் அதை மறந்து, பிள்ளை பிறந்தபின் அலைபவர்கள் இருக்கிறார்கள்.

எந்தத் தேவையாக இருந்தாலும் பயணத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்க. தாளை வாங்கப்போகும் அலுவலகத்திடம், அது துறையூர் சார்பதிவாளரோ துபாய் முதலாளியோ, எழுத்துமூலம் கேளுங்க: அசலா நகலா, எந்த மொழி, யாருடைய முத்திரை, எத்தனை மாதத்துக்குள் எடுத்தது? பதில் வந்த பிறகுதான் புத்ராஜெயாவுக்கு முன்பதிவு. விஸ்மா புத்ராவில் இணையம்வழி முன்பதிவு முறை இருப்பதால், பாட்டிக்காக அந்த வேலையை நீங்க கோலா சிலாங்கூரிலிருந்தே செய்யலாம்.

அப்புறம், இன்னிக்கு ராத்திரியே செய்யக்கூடிய வேலை ஒன்று. வீட்டில் இருக்கும் எல்லாருடைய பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வரிசையாக வைத்து, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்க. எங்கே வித்தியாசம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மழையிலும் கரையானிலும் போகாமல் இருக்கணும் என்று அப்பா அம்மா அந்தக் காலத்திலேயே எல்லாப் பத்திரத்தையும் பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். பல அலுவலகங்களில் அப்படிப்பட்ட தாளின் மேல் முத்திரை குத்த மாட்டார்கள். அதைப் பிய்க்கப் பார்க்காதீங்க, எழுத்தும் சேர்ந்து வந்துடும். பதிவிலாகாவில் புது நகல் கேட்டு வாங்குங்க. வாங்கியதைச் சும்மா ஒரு உறையில் போட்டு வைங்க.